முதல் பயனாளி

அந்த ரயில் நிலையத்தில் கண் தெரியாதவர்களைப் பற்றி யாரும் கவலைப்படாமல் இருந்தவரை, கண் தெரியாதவர்கள் அங்கே நிம்மதியாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். பிறகு நிர்வாகம் கவலைப்பட ஆரம்பித்தது. நிர்வாகம் கவலைப்பட வேண்டுமென்றால் அதற்கு ஒரு பிரிவு வேண்டும். பிரிவுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு ஏ.சி., எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு திறப்பு விழா. இவ்வளவும் முறைப்படி நடந்து, 'கைகொடுக்கும் வாரம்' என்று ஒரு வாரம் அறிவிக்கப்பட்டு, அந்த வாரத்தின் கடைசி நாளில் காயில்காரர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

கல்யாணம் அவருடையதுதான்.

காயில்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். மிக்ஸியோ மின்விசிறியோ தண்ணீர் மோட்டாரோ புகைந்து நின்றுவிட்டால் அவரிடம் கொண்டுபோவார்கள். எரிந்த செம்புக் கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்டிக் கொடுப்பார். பிறவியிலேயே பார்வை கிடையாது. அந்தத் தொழிலுக்கு விரலும் காதும் போதும் என்பதால் அவர் அதைப் பெரிதாக நினைத்ததும் கிடையாது. கம்பி வாங்கத் தினமும் ரயிலேறி உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போய்வருவார். பல வருடமாக இதுதான் வழக்கம்.

பெண், அதே ரயில் பாதையில் சில நிலையங்கள் தள்ளி ஒரு சலவைக்கடை நடத்திவந்தாள். அவளுடைய துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார் எரிந்துபோய்க் காயில்காரரிடம் வந்தது. சரிசெய்து கொடுத்தார். மறுபடி எரிந்தது. மறுபடி சரிசெய்தார். அடுத்த முறை அவள் தூக்கிக்கொண்டு வந்த மோட்டாரில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவருக்குத் தொட்டவுடனே தெரிந்துவிட்டது. "இது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். "அப்படியா? சரி, வந்ததுக்குக் கொஞ்ச நேரம் பேசிட்டுப் போறேன்" என்றாள் அவள். அப்படியே பேச்சு வளர்ந்து, பதிவு அலுவலகத்தில் நாள் குறிக்கிற வரைக்கும் வந்துவிட்டது.

தடை ஒன்றே ஒன்றுதான். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாழ்நாளெல்லாம் கண்ணை நம்பியே சோறு தின்றவர். அவருக்குக் கண் தெரியாத மாப்பிள்ளை என்றால் மகளைப் பிரேக் இல்லாத வண்டியில் ஏற்றி அனுப்புவது மாதிரி இருந்தது. ஆனால் ஒரேயடியாக மறுக்கவும் இல்லை.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லம்மா. நாளைக்கு நீ காய்ச்சல்னு படுத்தா, தனியா வெளிய போய் ஒரு மாத்திரை வாங்கிட்டு வர ஆள் வேணும். அதான் என் கவலை. அவர் யார் கையையும் பிடிக்காம ரயில் ஏறி, தனியா இறங்கி, பிளாட்ஃபார்ம்ல என் முன்னால வந்து நிக்கட்டும். நானே கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன். யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்கன்னா, நான் அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன். நீ கல்யாணம் பண்ணிக்கோ, நான் தடுக்க மாட்டேன். ஆனா வர மாட்டேன்."

அம்மா இல்லாத பெண். அவளுக்கு அப்பா மட்டும்தான். அன்று இரவே காயில்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அப்பா வராமயும் கையெழுத்துப் போடலாம்தான். ஆனா அவர் பக்கத்துல நிக்கலைன்னா நான் அழுதுடுவேன். அழுதுக்கிட்டே கல்யாணம் பண்ணிக்க எனக்குப் பிடிக்கல."

"இவ்வளவுதானா?" என்று காயில்காரர் சிரித்தார். "தினம் பண்றதைத்தானே பண்ணச் சொல்றார்? நான் வேற, மலை ஏறச் சொல்லுவாரோன்னு பயந்துட்டேன்."

கல்யாணத்தன்று காலையில் அவருடைய அக்கா ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தாள். "நான் உன் பின்னாலயே வர்றேன்டா. மூச்சு விடாம வர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

அக்கா வெள்ளைச் சட்டையின் காலரை நீவிவிட்டு, எதன்மேலும் சாயாதே என்று சொல்லிவிட்டு, அத்தானோடு பஸ்ஸில் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டாள். பத்து மணி ரயிலுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே காயில்காரர் நிலையத்துக்குள் கால் வைத்தார்.

கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நிலையத்தை அவர் மோட்டார்களை வைத்துத்தான் அறிவார். டிக்கெட் கவுன்ட்டருக்கு மேலே ஒரு மின்விசிறி, பேரிங் போய், பல்வலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டே சுற்றும். அதிலிருந்து இடதுபக்கம் திரும்பினால் கூல்டிரிங்ஸ் கடையின் ஃபிரிட்ஜ் உறுமும். அந்த உறுமலுக்கு நேர் எதிரே படிக்கட்டு. மேலே ஏறினால் கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன். அதைத் தாண்டினால் பிளாட்ஃபார்ம். கவுன்ட்டர் மின்விசிறியைச் சரிசெய்ய அவருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் தன் வழிகாட்டிப் பலகையைத் தானே யாராவது கழற்றுவார்களா? அதனால் பேசாமல் இருந்தார்.

இன்று முனகலும் இல்லை, உறுமலும் இல்லை. கல்யாண வேலையாக அவர் இரண்டு வாரம் இந்தப் பக்கம் வராமல் இருந்ததற்குள், கைகொடுக்கும் வாரத்தை முன்னிட்டு நிலையம் சீரமைக்கப்பட்டிருந்தது. பழைய மின்விசிறி போய்ச் சத்தமே போடாத புது மின்விசிறி வந்திருந்தது. கூல்டிரிங்ஸ் கடை, கண் தெரியாதவர்களுக்கு இடைஞ்சல் என்று அப்புறப்படுத்தப்பட்டிருந்தது. அவ்வளவு வருடத்தில் முதல்முறையாக அந்த நிலையத்தில் காயில்காரருக்குக் கண் தெரியவில்லை.

தடியை அப்படியும் இப்படியும் தட்டிப் பார்த்தார். தரையில் கோடுகோடாகப் புடைத்த ஓடுகள் தட்டுப்பட்டன. கண் தெரியாதவர்கள் காலாலும் தடியாலும் தடவிக்கொண்டே போவதற்காகப் பதிக்கிற ஓடுகள். மற்ற ஊர்களில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார். 'பரவாயில்லையே' என்று சந்தோஷப்பட்டு அதன்மேலேயே நடந்தார். பாதை நேராகப் போனது, அழகாக வளைந்தது, மறுபடி நேராகப் போனது. கடைசியில் அவருடைய மூக்கு ஒரு பளிங்குக் கல்லில் போய் இடித்தது.

"வாங்க, வாங்க, வாங்க!" என்று ஒரு குரல் துள்ளிக் குதித்தது. "ஒருத்தர் வந்துட்டார்! சீக்கிரம் வாங்கய்யா எல்லாரும், ஒருத்தர் வந்துட்டார்!"

பேசியவர் வழித்துணை அதிகாரி. ஒரு வாரமாக ஒரு பயனாளிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவர். சாயங்காலம் வாரம் முடிகிறது. மேலிடத்துக்கு அறிக்கை போயாக வேண்டும். இதுவரை ஒரு பயனாளிகூட அந்தப் பிரிவைக் கண்டுபிடிக்கவில்லை.

மூக்கைத் தடவிக்கொண்டே காயில்காரர் கேட்டார்: "ஐயா, இந்த வழியா பிளாட்ஃபார்முக்குப் போகலாங்களா?"

"பிளாட்ஃபார்முக்கா? இல்லையே. இது கல்வெட்டுக்கு வர்ற வழி."

"கண்ணு தெரியாதவங்களுக்கான ஓடு பதிச்சிருக்கே?"

"ஆமாம்! தலைவர் திறப்பு விழாவுக்கு வந்தப்ப வாசல்லேர்ந்து இந்தக் கல்வெட்டு வரைக்கும்தான் நடந்தார். அவர் நடக்காத இடத்துல ஓடு பதிச்சா அது திறக்கப்படாத பாதையாயிடும். திறக்கப்படாத பாதையில ஒரு பயணியை நடக்க விடலாமா, சொல்லுங்க? அடுத்த வருஷம் படிக்கட்டு வரைக்கும் நடக்கறதா வாக்குக் கொடுத்திருக்கார். அவருக்கு முட்டிவலி. அதனால படிப்படியாத்தான் செய்ய முடியும்."

"படிக்கட்டு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்க்கறேன்" என்றார் காயில்காரர்.

"சொல்றதா?" அதிகாரி பதறிப்போனார். "வாயால சொல்லி அனுப்பறதெல்லாம் உதவியில சேராதுங்க. அதெல்லாம் அந்தக் காலம். அப்படிச் சொல்றதா இருந்தா இதுக்கு ஒரு பிரிவு எதுக்கு?"

அவர் கேட்டதும் நியாயம்தான். காயில்காரர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரி அவருடைய கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு சுவரோரம் நிறுத்தினார். நிலையம் முழுவதையும் புள்ளி எழுத்தில், தடவிப் பார்க்கிற வரைபடமாகச் செய்து வைத்திருப்பதாகச் சொன்னார். காயில்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆவலாகக் கையை நீட்டினார். வழவழவென்று இருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கே?"

"கண்ணாடிதான். படம் உள்ள இருக்கு. முதல்ல சும்மாதான் திறந்து வெச்சிருந்தோம். விழாவுக்கு வந்தவங்க எல்லாரும் கையை வெச்சுத் தடவறாங்க! புள்ளி தேஞ்சுடுமா இல்லையா? அதான் கண்ணாடி போட்டுப் பூட்டிட்டோம். இனிமே எத்தனை வருஷம் ஆனாலும் பாழாகாது."

"நான் எப்படிப் படிக்கறது?"

"அதுக்குத்தான் நாங்க இருக்கோமே," என்றார் அதிகாரி. பிறகு சற்றுக் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குப் புள்ளி எழுத்துத் தெரியாது. ஆனா ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

பிரிவின் அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. அங்கே போவதற்கென்றே புதிதாக லிஃப்ட் வைத்திருந்தார்கள். அது வாசலிலிருந்து அலுவலகத்துக்குப் போகும். அலுவலகத்திலிருந்து வாசலுக்கு வரும். ரயில் பக்கம் போகாது. காயில்காரர் "வண்டிக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லச் சொல்ல, அவரை அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஏ.சி. அறையில் அவரை உட்காரவைத்ததும் பார்வைப் பரிசோதனை தொடங்கியது.

"எதிர்ல இருக்கற எழுத்து தெரியுதா?"

"எனக்குப் பிறவியிலேர்ந்தே பார்வை கிடையாதுங்க."

"இருக்கலாம். ஆனா பார்வை இல்லைங்கறதை நாங்க கண்ணால பாத்து உறுதி பண்ணணும். பெரிய எழுத்து தெரியுதா?"

"தெரியல."

"அதுக்குக் கீழ இருக்கற சின்ன எழுத்து?"

"பெரிசே தெரியலைங்களே."

"சிலருக்குச் சின்னது நல்லாத் தெரியும். அவசரப்படாதீங்க."

பரிசோதனையில் காயில்காரர் எல்லா வரியிலும் தோற்று, முழுத் தகுதி பெற்றார். அடுத்து, பயணிகளுக்கான விளக்கப் படம் போட்டார்கள். படத்தில் பேச்சே இல்லை, இனிமையான இசை மட்டும் வந்துகொண்டிருந்தது. எந்த மொழிக்காரர் பார்த்தாலும் புரிய வேண்டும் என்பதற்காகப் பேச்சையெல்லாம் நீக்கிவிட்டதாக அதிகாரி விளக்கினார். படம் முடிந்ததும் "எப்படி?" என்று கேட்டார். புல்லாங்குழல் நன்றாக இருந்தது என்று காயில்காரர் உண்மையைச் சொன்னார்.

அதிகாரி மனம் நெகிழ்ந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. எனக்கும் பயிற்சி கொடுத்திருக்காங்க. இதே அறையில கண்ணைக் கட்டி உக்கார வெச்சாங்க. அஞ்சு நிமிஷம் இருக்கணும். ரெண்டாவது நிமிஷமே என்னால தாங்க முடியல, கட்டை அவுத்துட்டேன். அழுதுட்டேன். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், என் வாழ்க்கையே இனிமே உங்களுக்குத்தான்னு. மறுமாசமே எனக்குப் பதவி உயர்வும் வந்துது."

"நல்லதுங்க. மணி என்னங்க ஆகுது?"

"நான் மனசைத் திறந்து பேசிட்டிருக்கேன், நீங்க மணி கேக்கறீங்களே?"

"பத்து மணி வண்டியை விடக்கூடாதுங்க. எனக்கு இன்னிக்குக் கல்யாணம்."

அதிகாரி, காதலியின் கடிதத்தைப் படித்தவர் போலத் தழுதழுத்த குரலில், "கல்யாணமா!" என்றார். "இதையும் அறிக்கையில சேத்துக்கலாமே! முதல் பயனாளிக்குத் திருமணம்! இனிமே உங்களைத் தனியா விட்டா நாங்க மனுஷங்களே இல்லை."

காயில்காரர் அவசர அவசரமாக எல்லாவற்றையும் விளக்கினார். டிரைவர் போட்ட நிபந்தனையைச் சொன்னார். பெண் அழுவாள் என்பதைச் சொன்னார். யாரும் கையைப் பிடிக்காமல் தனியாகப் போய் நிற்பதுதான் தன் கல்யாணமே என்றார். அதிகாரி மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார்.

"புரியுது. தனியா நடக்க ஆசைப்படறவங்களுக்கும் நம்ம திட்டத்துல வசதி இருக்கு," என்றார்.

"அப்பாடா! நன்றிங்க."

"தனியா நடக்கறவங்களுக்கு ரெண்டு பேர் கூட வருவாங்க. சாதாரணமா ஒருத்தர்தான்."

அந்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இடக்கை உதவியாளர், இன்னொருவர் வலக்கை உதவியாளர். தனித்தனிப் பதவி. ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யக்கூடாது. வலக்கை உதவியாளர் வலக்கையைப் பிடிக்க வேண்டியிருந்ததால், அந்தக் கையிலிருந்த தடியைப் பிடுங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அக்கா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டைக்கு மேல் ஏதோ ஒரு கித்தான் உடுப்பை மாட்டிவிட்டார்கள். "என்னங்க இது?" என்று கேட்டதற்கு, "மஞ்சள் கலர், உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றார்கள். முதுகில் கொட்டை எழுத்தில் 'இவர் வழி தவறியவர்' என்று எழுதியிருந்ததை யாரும் சொல்லவில்லை.

லிஃப்டில் வாசலுக்கு இறங்கி, பிளாட்ஃபார்ம் படிக்கட்டில் ஏறும்போது இடக்கை 'இப்போது படி' என்றது. வலக்கை 'இன்னும் இல்லை' என்றது. இருவரும் கலந்து பேசி முடிவுக்கு வருவதற்குள் காயில்காரர் ஏறி மேலே நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்திருந்த காரணத்தால் அவர்களும் கூடவே ஏற நேர்ந்தது. அதில் இடக்கைக்குக் கணுக்காலில் லேசான சுளுக்கு.

ரயில் வந்து நின்றிருந்தது. ஆனால் காயில்காரரால் உடனே ஏற முடியவில்லை. ஏறுவது படம் எடுக்கப்பட வேண்டும். முதல்முறை ஏறியபோது அதிகாரி படத்தில் விழவில்லை. இறக்கி மறுபடி ஏற்றினார்கள். இரண்டாவது முறை காயில்காரர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் நன்றியோட ஏறுங்களேன்" என்று அதிகாரி கெஞ்சினார். அதற்குள் பெட்டிக்குள்ளிருந்தவர்கள், "யாருய்யா அது, வண்டியை எடுங்கய்யா!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். விசில் ஊதியது. மூன்று பேரும் காயில்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு தாங்களும் ஏறிவிட்டார்கள்.

"நீங்க எதுக்குங்க ஏறினீங்க?" என்றார் காயில்காரர்.

"ஏத்தறது மட்டும் உதவி இல்லை. இறக்கறதும் உதவிதான்," என்றார் அதிகாரி.

மூவரும் இருக்கைகளைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்கள். காயில்காரர் நடுவில் நின்றார், அவர் பயனாளி என்பதால் எல்லோர் கண்ணிலும் பட வேண்டியிருந்தது. இருக்கையில் இருந்தபடியே இடக்கையும் வலக்கையும் ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஓர் அம்மாள் இன்னொரு அம்மாளிடம் ரகசியமாகக் கேட்டது காயில்காரர் காதில் நன்றாகவே விழுந்தது.

"என்ன, திருட்டா?"

"முகத்தைப் பாத்தா அப்படித் தெரியல. ஆனா ரெண்டு பேர் பிடிச்சிருக்காங்கன்னா ஏதோ பெரிசாத்தான் பண்ணியிருப்பான்."

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுக்கக் கை இல்லை. இடக்கை உதவியாளரே எடுத்துப் பேசினார்.

"வணக்கம். பயனாளி பத்திரமா இருக்கார், கவலை வேண்டாம்."

மறுமுனையில் பெண். "எந்தப் பயனாளி? நீங்க யாரு?"

"நான் அவரோட இடக்கைங்க."

அவள் மெதுவாக, "அவரைக் குடுங்க" என்றாள். காதருகே பிடித்தார்கள்.

"என்ன ஆச்சு? யார் கூட வர்றீங்க? அப்பா இங்க பிளாட்ஃபார்ம்லயே நிக்கறார்."

"மாட்டிக்கிட்டேன்மா," என்றார் காயில்காரர். "உதவி பண்றாங்க."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரைத் தடுத்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், சில்லறை நீட்டியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியும். இவ்வளவு அன்பாகப் பிடித்துக்கொள்கிறவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நெற்றியில் வேர்த்தது. வலக்கை கைக்குட்டை எடுத்துத் துடைத்துவிட்டது.

இறங்க வேண்டிய நிலையம் வருவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். "ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இறங்கினதும் கையை விட்டுடுங்க. நீங்க தூரமா நின்னுக்கங்க. அங்க ஒரு பெரியவர் நிப்பார். அவர்கிட்ட நானா நாலு எட்டு நடந்து போகணும். அவ்வளவுதான்."

"கும்பிடறதுக்குக் கையை உருவாதீங்க," என்றார் வலக்கை உதவியாளர். "பிடி நழுவுது."

வண்டி நின்றது. கூட்டமெல்லாம் இறங்கிப் போகும்வரை அவரை நிறுத்திவைத்தார்கள். பிறகு அதிகாரி முன்னால் இறங்கி, "விலகுங்க, விலகுங்க, பயனாளி வர்றார்!" என்று கூவினார். யாருமே இல்லாத இடத்தில் கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, மஞ்சள் உடுப்பு மாட்டி, இரண்டு பக்கமும் பிடித்த பிடியில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேலும் கீழும் பார்த்தார். சுற்றிவந்து முதுகில் எழுதியிருந்ததையும் படித்தார். பிறகு மகளைப் பார்த்து, "நான் வர்றேம்மா" என்று திரும்பினார். அது போய்வருகிறேன் என்கிற 'வர்றேன்'. அவளுக்கு முணுக்கென்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மாமா, ஒரு நிமிஷம்—" என்று காயில்காரர் குரல் வந்த திசையில் ஒரு எட்டு வைத்தார். இரண்டு பேரும் பின்னால் இழுத்தார்கள்.

"அவசரப்படாதீங்க. இன்னும் ஒப்படைக்கல," என்றார் அதிகாரி. தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "இவரை வாங்கிக்கற உறவுக்காரங்க யாரு? உறவுக்காரங்க வந்து எல்லாரும் கேக்கற மாதிரி உறவைச் சொல்லி வாங்கிக்கணும்."

"நான் என்ன மளிகைச் சாமானா?" என்றார் காயில்காரர். "எனக்கு நானே பொறுப்பு. விடுங்க."

"தன்னைத் தானே வாங்கிக்க விதியில இடமில்லை."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க என்ன உறவு?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல பொண்டாட்டி."

"அப்ப ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

"அவர் வந்தாத்தானேய்யா நான் பொண்டாட்டி ஆக முடியும்?"

"அது பதிவுத்துறை விஷயம். நாங்க அதுல தலையிட முடியாது," என்றார் அதிகாரி. பிறகு மிகுந்த வருத்தத்தோடு, "உறவுக்காரங்க யாரும் இல்லைன்னா, பயனாளியைக் கேட்பாரில்லாம விட்டுட்டுப் போக எங்களுக்கு மனசு வராது. எதிர் வண்டியில ஏத்தி, கிளம்பின இடத்துக்கே கொண்டுபோய் விட்டுடுவோம். நாளைக்கு மறுபடி வரலாம். நாளைக்கு வாரம் முடிஞ்சுடும், ஆனா பாத்துக்கலாம்" என்றார்.

எதிர்ப் பிளாட்ஃபார்மில் வண்டி வருகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் காயில்காரரை அந்தப் பக்கமாகத் திருப்பினார்கள். அவர் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு திமிறினார். "பயனாளி பதட்டப்படறார், தடவிக்குடுங்க" என்று அதிகாரி சொன்னதும், வலக்கை அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தது.

போய்விடுவதாகச் சொன்ன டிரைவர் போகாமல் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு அவர்மேல் கண் போனது.

"பெரியவரே, நீங்க யாரு?"

"நான் பஸ் டிரைவர். ரிட்டயர்டு."

"ஓ," என்றார் அதிகாரி. "பஸ்ஸா?"

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த 'ஓ' எப்படிப்பட்டது என்று பஸ் ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். லெவல் கிராசிங்கில் மூடின கேட்டுக்கு முன்னால், இன்ஜினை அணைத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்திருந்த அத்தனை வருடமும் அந்த 'ஓ'வைத்தான் டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"ஏன்யா," என்று ஆரம்பித்தார். முன்னால் போகிற வண்டியை ஒதுங்கச் சொல்லிப் பழகிய குரல் அது, நிலையம் முழுக்கக் கேட்டது. "நானும்தான் காலமெல்லாம் பஸ் ஓட்டினேன். என் வண்டியில கண்ணு தெரியாதவங்க ஏறலையா? ஸ்டாப்புல ஒழுங்கா நிறுத்துவேன், அவங்க ஏறுவாங்க. இறங்கற இடம் வந்தா பேரைச் சொல்லுவேன், அவங்க இறங்கிப் போவாங்க. என்னைக்காவது ஒருத்தரைக் கட்டிப் பிடிச்சேனா? மஞ்சத் துணி போத்தினேனா? நல்லா நிமிந்து நடக்கற மனுஷனைக் கைதி மாதிரி இழுத்துட்டு வந்துட்டு, வழி தவறினவன்னு முதுகுல வேற எழுதி வெச்சிருக்கீங்க! கல்யாணத்துக்கு வந்தவனைத் திருப்பி வேற அனுப்புவானாம்ல! விடுங்கய்யா கையை! விடுங்கய்யா என் மருமகனை!"

டிரைவரே தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ஒரு கணம் திகைத்துப்போய் நின்றார். பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரியின் முகம் மட்டும் மலர்ந்தது. "மருமகன்! உறவு தெளிவா சொல்லிட்டார், எல்லாரும் கேட்டீங்க இல்ல? விடலாம்." இடக்கை விட்டது. வலக்கை விட்டது. "ஒரே ஒரு படம் மட்டும், மாமனாரும் மருமகனும் சேந்து—" என்று அதிகாரி தொடங்கியதற்கு டிரைவர் சொன்ன பதில் அறிக்கையில் சேரவில்லை.

டிரைவர் அந்த மஞ்சள் உடுப்பைப் பிடித்து உருவி அதிகாரியின் தோளில் போட்டார். வலக்கை உதவியாளரின் கக்கத்திலிருந்து தடியைப் பிடுங்கி மருமகன் கையில் திணித்தார். இன்னொரு கையைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து விறுவிறுவென்று நடந்தார். பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மாமா, நீங்க சொன்ன மாதிரி தனியா வர முடியல," என்றார் காயில்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"பாத்தேனே. நீங்க தனியாத்தான் வந்தீங்க. அந்தப் பயலுங்க மூணு பேரும் உங்களைப் பிடிச்சுக்கிட்டு வந்தானுங்க." கொஞ்ச தூரம் போனதும் டிரைவருக்கு வேறொன்று தோன்றியது. "ஆனா தப்பு உங்க மேலயும் இருக்கு மாப்ளே. பஸ்ல வந்திருக்கணும்."

வெளிவாசல் வந்தது. அதற்கப்புறம் தெரு, தெருக்கோடியில் பதிவு அலுவலகம். எதிரே ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அதை ஒட்டியே போனால் வந்துவிடும் என்று பெண் முன்பே சொல்லிவைத்திருந்தாள். காயில்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நல்ல ஜெனரேட்டர், சீராக ஓடியது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ள நின்றபோதுதான், தான் இன்னும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதை டிரைவர் கவனித்தார்.

"முன்னால நடங்க மாப்ளே," என்று சொல்லிவிட்டு, கையை விட்டார். காலையிலிருந்து அவருக்கு ஒருவர் செய்த முதல் உதவி அதுதான்.